சுகர் கேள்விகள்: ஒரு குடும்ப டாக்டரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வெறும் வயிற்றில் சுகர் 118தான், ஆனால் மூன்று மாத சராசரி 8.2 என்கிறார்கள். லேப் தப்பா?

லேப்பைத் திட்டும் முன் அப்பா டெஸ்டுக்கு முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுவார்கள். வெறும் வயிற்று அளவு அந்தக் காலை நேரத்துக் கணக்குதான். நீங்கள் சொல்லும் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, இரண்டு மூன்று மாதத்துக் கதையைச் சொல்லிவிடும். அநேகமாகச் சாப்பிட்ட பிறகு ஏறுகிறது. வழக்கமாக எவ்வளவு சாப்பிடுவாரோ அவ்வளவு சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அந்தச் சராசரி கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

கேள்வி: சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்குமாமே?

கெடுக்காது. கட்டுப்படாத சுகரும் பிரஷரும்தான் கெடுக்கும். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அந்த மாத்திரையைக் குறைப்போம், ரொம்ப மோசமானால் நிறுத்திவிடுவோம்; அதைப் பார்த்துப் பழி மாத்திரை மேல் விழுந்துவிட்டது. வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம், காலையில் கேழ்வரகுக் கஞ்சி. சரிதானே?

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்கு ஒன்றுதான். கேழ்வரகு நல்லது, ஆனால் மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் சுகர் சட்டென்று ஏறும்.

கேள்வி: அம்மா கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்தார். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினார். என்ன செய்திருக்க வேண்டும்?

அது லோ சுகர். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், பிஸ்கட் வேண்டாம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை, சரியானதும் சாப்பாடு. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஒருமுறை தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள், இந்த மாத்திரையின் வேகம் நாள் முழுக்க இருக்கும், சாயங்காலம் மறுபடி இறங்கலாம். அடுத்த விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். விரதமே கூடாதா என்றால், கூடாது என்று சொன்னால் எந்த அம்மா கேட்கிறார்?

கேள்வி: எனக்குக் கால் எரிச்சல் இருந்தது, இப்போது தானாகப் போய்விட்டது. நல்லதுதானே?

சுகர் கட்டுக்கு வந்ததால் குறைந்திருக்கலாம். ஆனால் எனக்கு அதில் பயம்தான் அதிகம், எரிச்சல் போய் மரத்துப்போயும் இருக்கலாம். ஒருவர் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் கோயில் பிரகாரம் சுற்றிவிட்டு வந்தார். இரண்டு உள்ளங்காலிலும் எலுமிச்சை அளவு கொப்புளம். வலிக்கவே இல்லையாம், வீட்டுத் தரையில் ஈரக் கால்தடம் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறார். ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது. நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது உங்கள் கால் விரல் நுனிகளை லேசாகத் தொடட்டும், தொட்டது தெரிந்ததும் வலது காலா இடது காலா என்று சொல்லுங்கள். ஒன்று தப்பினாலும் இந்த வாரமே டாக்டரிடம் போய்ச் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும்.