குளிர் வருமுன் படகைக் கரையேற்றுவோர் கேட்ட கேள்விகள்

முதன்முறையாகச் சிறிய மோட்டார் படகு வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும் இடங்களில் படகு வைத்திருப்பவர்களே அதிகம் கேட்டிருக்கிறார்கள். பதில்களுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: உங்கள் என்ஜினின் கையேடு சொல்வதும் நான் சொல்வதும் எங்காவது முரண்பட்டால் கையேட்டின்படியே செய்யுங்கள். என்ஜினைச் செய்தவர்கள் எழுதியது அது.

கேள்வி: படகை இந்தக் கோடையில்தான் வாங்கினேன். இனி நான்கைந்து மாதங்களுக்கு அதைத் தொடப்போவதில்லை. நல்ல தார்ப்பாயாகப் பார்த்து மூடிவைத்தால் போதாதா?

போதாது. வெளியிலிருந்து வரும் மழையையும் பனியையும்தான் தார்ப்பாய் தடுக்கும். என்ஜினுக்குள் ஏற்கெனவே தங்கியிருக்கும் தண்ணீரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது, விரிசல் விட்டுவிடும். பனிக்கட்டி உள்ளேயே இறுகிக் கிடக்கும்வரை அந்த விரிசல் வெளியே தெரிவதுமில்லை. வசந்தத்தில் உருகிய பிறகுதான் எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பது கண்ணில் படும். அப்போது என்ஜினையே மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு நாள் வேலையில் தவிர்க்கக்கூடிய இழப்பு இது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: என்னுடையது அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டிய என்ஜின். பக்கத்தில் நிறுத்தியிருப்பவரின் படகில் என்ஜின் உள்ளே இருக்கிறது. அவர் நாள் முழுக்க ஏதோ செய்துகொண்டிருக்கிறார். எனக்கும் அவ்வளவு வேலை இருக்கிறதா?

இல்லை. அவுட்போர்டு என்ஜினைச் செங்குத்தாக நிறுத்தினால் குளிர்விக்கும் தண்ணீர் தானாகவே கீழே வடிந்துவிடும். அப்படியே செங்குத்தாக விட்டுவைப்பதுதான் முக்கியம். பலர் தூக்கிச் சாய்த்தபடியே குளிர்காலம் முழுவதும் விட்டுவிடுகிறார்கள். சாய்ந்த நிலையில் ப்ரொபெல்லரின் நடுப்பகுதியில் மழைநீர் தேங்கி உறைந்தால் கியர்கள் இருக்கும் கீழ்ப்பகுதி வெடிக்கும். பக்கத்துப் படகுக்காரருக்கு வேலை அதிகம் என்பது உண்மைதான். அடுத்த கேள்வி அவரைப் போன்ற ஒருவருடையது.

கேள்வி: ஐயா, என் படகில் உள்ளே பொருத்திய பெட்ரோல் என்ஜின். ஏரித் தண்ணீரையே இழுத்துக் குளிர்வித்துக்கொள்கிறது. உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சவிட்டு ஓட்டினேன். புகைபோக்கி வழியாக இளஞ்சிவப்பு நிறத்தில் வெளியே வந்ததும் நிறுத்திவிட்டேன். வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படிச் செய்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். குளிர்விக்கும் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், என்ஜின் சூடேறாதவரை மூடியே இருக்கும். அது மூடியிருந்தால் நீங்கள் ஊற்றிய திரவத்தில் பெரும்பகுதி என்ஜினின் நடு உடலான சிலிண்டர் பிளாக்கைச் சுற்றாமல் குறுக்குவழியில் வெளியேறிவிடும். வெளியே இளஞ்சிவப்பு வந்தாலும் பிளாக்கின் அடியில் ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும்.

முதலில் வடியுங்கள், பிறகு ஊற்றுங்கள். பிளாக்கின் இரு பக்கங்களிலும், புகை வெளியேறும் மேனிஃபோல்டுகளிலும், தண்ணீர் பம்பின் குழாயிலும் வடிகால் திருகுகள் இருக்கும். எத்தனை, எங்கே என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும்; கையேட்டில் படம் இருக்கும். திருகைக் கழற்றியதும் தண்ணீர் வரவில்லையென்றால் உள்ளே காலி என்று நினைத்துவிடாதீர்கள். துருவும் மணலும் துவாரத்தை அடைத்திருக்கலாம். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் கிளறுங்கள். முதலில் பழுப்பாகச் சில சொட்டுகள் விழும். பிறகு அடைப்பு விலகி ஒரே வீச்சில் கொட்டும். ஒவ்வொரு துவாரத்திலும் இதைச் செய்ய வேண்டும். கழற்றிய திருகுகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணிவையுங்கள்.

முழுதும் வடிந்தபின் திருகுகளை மாட்டி, மேலேயுள்ள குழாய்களைக் கழற்றி, திரவத்தை பிளாக்குக்குள்ளும் மேனிஃபோல்டுகளுக்குள்ளும் நேராக ஊற்றலாம். புரோபிலீன் கிளைகால் கலந்ததையே வாங்குங்கள். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். வசந்தத்தில் அது நேரே நீர்நிலைக்குத்தான் போய்ச் சேரும். டப்பாவின் மேல் ‘மைனஸ் 50’ என்று இருந்தால் அது எந்த அளவு என்று பாருங்கள். ஃபாரன்ஹீட் என்றால் செல்சியஸில் சுமார் மைனஸ் 45. அதுவும் குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லைதான்; திரவம் கூழாக இறுகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. எஞ்சி நிற்கும் தண்ணீரோடு கலந்தால் காக்கும் திறன் இன்னும் குறையும். முதலில் வடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: என்ஜின் ஆயிலை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாமே? இப்போது மாற்றினால் புது ஆயில் ஓடாமலே பழசாகிவிடாதா?

இப்போதே மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் ஈரமும் எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலங்களும் கலந்திருக்கும். அவை பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது நல்லதல்ல. புது ஆயில் சும்மா இருப்பதால் கெடாது. என்ஜினைச் சூடாக்கிவிட்டு வடித்தால் அழுக்கும் கூடவே வரும். வடிகட்டியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு 100 மணி நேர ஓட்டம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவே கணக்கு. படகு என்ஜினுக்கென்று தரச்சான்று பெற்ற ஆயிலாக இருக்கட்டும்: நான்கு ஸ்ட்ரோக்குக்கு எஃப்சி-டபிள்யூ, இரண்டு ஸ்ட்ரோக்குக்கு டிசி-டபிள்யூ3.

கேள்வி: கீழ்ப்பகுதியின் கியர் ஆயிலைத் திறந்து பார்த்தேன். பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அது உறைந்தால் கியர் பெட்டியே பிளந்துவிடும்.

ப்ரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அச்சைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றியிருக்கும். கண்ணுக்கு லேசில் தெரியாத நரம்பு அது. உராயும் சூட்டில் உருகி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ‘சீல்’ என்ற ரப்பர் வளையத்தை ஒட்டி ஒரு வளையமாகவே ஆகியிருக்கும். நகத்தால் கீறிப் பார்த்தால்தான் பிரியும். அது சீலை அறுத்ததும் தண்ணீர் உள்ளே வரும். சீலை மாற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்துத் தரும்படி பழகிய மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஆயில் நல்ல நிறத்திலேயே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கீழ்த்துவாரத்திலிருந்து மேல்நோக்கி நிரப்புங்கள்; மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். மேல்துவாரத்தில் குமிழில்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த்திருகை மூடுங்கள். திருகுகளின் வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதியவையாக இருக்கட்டும். ப்ரொபெல்லர் அச்சுக்கு கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்கை நிரப்பிவைக்க வேண்டுமா, காலி செய்ய வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டுமே சரிதான், டேங்கைப் பொறுத்தது. கையில் தூக்கக்கூடிய டேங்க் என்றால் காலி செய்யுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலாக இருந்தால் காருக்கு ஊற்றிக்கொள்ளலாம். படகோடு பொருத்திய டேங்கைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்ய முடியாது. ஆகவே விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, ஏறக்குறைய முழுதும் நிரப்புங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே ஈரக்காற்று படிந்து நீராவதும் குறையும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எரிபொருளை இழுக்கும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் கெடாமல் காக்கும் எரிபொருள் நிலைப்படுத்தியைப் புதுப் பெட்ரோலில் கலந்தபின் என்ஜினைப் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். டேங்கில் ஊற்றியதோடு விட்டால் கார்புரேட்டருக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் பழைய பெட்ரோலே நிற்கும். கெட்டுப்போன பெட்ரோலை நிலைப்படுத்தி உயிர்ப்பிக்காது. தண்ணீரைப் பிரிக்கும் எரிபொருள் வடிகட்டியையும் இப்போதே மாற்றிவிடலாம்.

கேள்வி: கரையில் வைத்து என்ஜினை ஓட்டலாமா? ஒரு நிமிடம்தானே?

தண்ணீர் இணைப்பில்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. தண்ணீர்தான் அதற்கு மசகு. வறண்டு சுழன்றால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும். கீழ்ப்பகுதியின் நீர்வாய்களை இரு பக்கமும் கவ்விப்பிடிக்கும் ரப்பர் கிண்ணங்கள் கிடைக்கின்றன. அவற்றில் தோட்டக் குழாயை மாட்டி, தண்ணீரைத் திறந்த பிறகே என்ஜினைக் கிளப்புங்கள். நியூட்ரலில், மெதுவான வேகத்தில் ஓடட்டும். ப்ரொபெல்லர் அருகே யாரும் நிற்கக் கூடாது. பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டவே வேண்டாம்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உப்புத் தண்ணீரில் ஓட்டுகிறவர்கள் நன்னீரால் கழுவும் இந்த வேலையை ஒவ்வொரு முறை கரையேறியதும் செய்ய வேண்டும். இம்பெல்லரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உடைவதற்குமுன் மாற்றிவிடுங்கள். உடைந்த ரப்பர்த் துண்டுகள் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் தேடியெடுப்பது பெரும்பாடு.

கேள்வி: ஃபாகிங் ஆயில் கட்டாயமா?

பழைய கார்புரேட்டர் என்ஜின்களுக்கு அவசியம் என்பேன். ஓடும்போதே காற்று நுழையும் வாயில் தெளித்து, வெள்ளைப் புகை கக்கியதும் நிறுத்துவார்கள். சிலிண்டர் சுவர்களில் அது படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். இன்ஜெக்டர் உள்ள என்ஜினில் அப்படித் தெளிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது தெளித்து, கையால் சில சுற்றுகள் சுற்றிவிட்டால் போதும். சில புது மாடல்களுக்கு உற்பத்தியாளர்கள் வேறு முறை சொல்கிறார்கள்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

கழற்றிக் கொண்டுவருவது நல்லது. முழு சார்ஜில் இருக்கும் ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. வடிந்துபோனதோ உறைநிலைக்குக் கொஞ்சம் கீழே போனாலே உறையும். கழற்றும்போது எதிர்முனையை (மைனஸ்) முதலில் எடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்டுக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யுங்கள். லித்தியம் பேட்டரியை உறைகுளிரில் சார்ஜ் செய்யக் கூடாது.

கேள்வி: என்ஜினில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற உலோகத் துண்டு பாதி கரைந்துவிட்டது. பெயின்ட் அடித்தால் நிற்குமா?

அடிக்காதீர்கள்! மற்ற உலோகங்கள் அரிக்காமல் இருக்கத் தான் கரைவதே அதன் வேலை. பாதி கரைந்தால் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம் அல்லது அலுமினியம்.

கேள்வி: மூடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காற்றோட்டத்தை. இறுக்கிக் கட்டி அடைத்துவிட்டால் உள்ளே பூஞ்சை பூத்துவிடும். நடுவில் கழிகள் கொடுத்துக் கூரைபோல உயர்த்தினால் பனி சரிந்து விழும். தார்ப்பாயின் கயிற்றைப் படகைத் தாங்கும் முட்டுக்கால்களில் கட்டாதீர்கள். காற்று இழுத்தால் முட்டே நகர்ந்துவிடும். மெத்தைகளையும் உயிர்காப்பு அங்கிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எலிகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். அணியம் (படகின் முன்புறம்) சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, அமரத்திலுள்ள (பின்புறம்) வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். எப்படியாவது உள்ளே புகும் தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும்.

கேள்வி: வசந்தத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கழற்றிய அந்த அடைப்பானைத் திரும்ப மாட்ட வேண்டும். மறந்துபோய் இறக்குதளத்திலேயே படகுக்குள் தண்ணீர் ஏறுவது புதியவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. கழற்றும்போதே அதை என்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். பிறகு குழாய்களையும் அவற்றின் இறுக்குப் பட்டைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள்; வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். டிரெய்லர் சக்கர பேரிங்குகளுக்கு கிரீஸ் வையுங்கள். உள்ளே பெட்ரோல் என்ஜின் இருந்தால் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லையென்று மூக்கால் முகர்ந்து பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். படகைத் தண்ணீரில் இறக்கிய பின்னும் டிரெய்லரின் பட்டையை உடனே அவிழ்க்காமல், அடித்தளத்தில் கசிவு இருக்கிறதா என்று சில நிமிடங்கள் பாருங்கள். கசிந்தால் அப்படியே கரைக்கு இழுத்துவிடலாம்.