கொத்தனார் வர்றதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி-பதில்

தாத்தா கட்டின வீட்டை இடிக்காம நாமளே சரி பண்ணிக்கலாமான்னு கேட்டு இந்த தடவை நிறைய கடிதம் வந்திருக்கு, முக்கால்வாசி சென்னையிலிருந்துதான். எல்லாத்துக்கும் இடம் பத்தாது, பொதுவா இருக்கறதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: மயிலாப்பூர்ல மாமனார் வழி வீடு சார், சுண்ணாம்பு காரையில கட்டினது. ஹால் சுவத்துல கீழ இருந்து மூணடி உயரத்துக்கு பெயிண்ட் பொங்கி பொங்கி உதிருது. ரெண்டு தடவை புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சாச்சு, ஒரு தடவை வாட்டர் ப்ரூஃப் கோட்டிங்கும் போட்டாச்சு, ஆறு மாசம்கூட தாங்கலை. இனிமே ஆள் வச்சு காசு கொட்ட முடியாது, நானும் வீட்டுக்காரரும் லீவு நாள்ல நாங்களே செய்யலாம்னு இருக்கோம். எங்க ஆரம்பிக்கறது?

பதில்: பெயிண்ட் டப்பாவை ஓரமா வச்சுட்டு முதல்ல வெளிய போய் பாருங்கம்மா. உங்க ஏரியாவுல ரோடு மேல ரோடு போட்டு பாதி வீடுங்க பள்ளத்துல இருக்கு, சைடு சந்துல யாராவது சிமெண்ட் தளம் போட்டிருப்பாங்க, வீட்டுக்குள்ள தரையைவிட வெளி தரை உசந்திருந்தா அந்த ஈரம் எல்லாம் சுவத்துக்குள்ளதான் வரும். பழைய வீடு பலதுல அஸ்திவாரத்துக்கு மேல ஓதம் தடுக்கற லேயரே கிடையாது, செங்கல் மண்ணுல இருக்கற தண்ணியை உறிஞ்சி மேல ஏத்திக்கிட்டே இருக்கும். அப்போ மட்டும் எப்படி நல்லா இருந்துச்சுன்னு கேட்பீங்க. சுண்ணாம்பு பூச்சு வழியா அந்த ஈரம் வெளிய ஆவியா போயிடும், அவ்ளோதான். நாம அது மேல சிமெண்ட் பூசி, புட்டி வச்சு, எமல்ஷன் அடிச்சு வழியை அடைச்சுட்டோம், அடைக்க அடைக்க தண்ணி இன்னும் மேல ஏறி வேற வழி தேடும், கூட வர்ற உப்பு பெயிண்டுக்கு பின்னாடி கட்டி கட்டி பெயிண்டை தள்ளி விடும். நீங்க போட்ட வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் நோயை உள்ள வச்சு தைச்ச மாதிரி.

செய்ய வேண்டியது இதுதான். வெளிய சுவத்தை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு சிமெண்ட் தளத்தை உடைச்சு எடுத்துட்டு, அஸ்திவாரத்துக்கு கீழ போகாம கொஞ்சம் தோண்டி ஜல்லி நிரப்புங்க. மழைத்தண்ணி பைப் அந்த இடத்துலதான் கொட்டுதான்னு பாருங்க, கொட்டினா அதை திருப்பி விடறதுதான் முதல் வேலை. உள்ள, கறை எது வரைக்கும் இருக்கோ அதுக்கு ஒரு அடி மேல வரைக்கும் சிமெண்ட் பூச்சை கை உளியாலயே கொத்தி எடுங்க, பிரேக்கர் மிஷின் வேணாம், அந்த அதிர்வுல பழைய செங்கல் பொலபொலன்னு போயிடும். அப்புறம்தான் யாருக்கும் பொறுமை இருக்க மாட்டேங்குது: அப்படியே திறந்து போட்டு விடணும். மாசக்கணக்குல. மழைக்காலம் முடிஞ்சு தையில கொத்தினா பங்குனி, சித்திரை வெயில் உங்களுக்கு ஓசியில வேலை செய்யும். வெள்ளையா உப்பு பூக்கும், அதை காஞ்ச பிரஷ்ஷால தட்டி குப்பையில போடுங்க, தண்ணி ஊத்தி கழுவினா உப்பு திரும்ப உள்ளயே போயிடும். விருந்தாளி வந்து என்னங்க சுவர் இப்படி இருக்குன்னு கேட்டா கேட்டுட்டு போகட்டும்.

காஞ்சதும் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு போட்டு பூசுங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா நல்லது. இன்னும் நீர்க்காத சுட்ட சுண்ணாம்புக் கல்லா வாங்கினா இரும்பு டிரம்ல தண்ணி வச்சு அதுல கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பைப் போடணும், சுண்ணாம்பு மேல தண்ணியை ஊத்தக்கூடாது, கொதிச்சு தெறிக்கும், கண்ணுல பட்டா கண்ணு போயிடும், கண்ணாடியும் க்ளவுஸும் இல்லாம கிட்டயே போகாதீங்க. பிளாஸ்டிக் பக்கெட் அந்த சூட்டுக்கு தாங்காது. நீர்த்த சுண்ணாம்பை ரெண்டு வாரமாவது தண்ணிக்கு அடியில ஊற விட்டா வெண்ணெய் மாதிரி வரும், அதுதான் கலவைக்கு. பூசறதுக்கு முன்னாடி சுவத்தை நனைச்சுக்கணும், ஒரே தடவையில தடிமனா பூசாம அரை இன்ச்சுக்கும் கம்மியா ஒரு கை, அது இறுகினதும் இன்னொரு கை. நேர் வெயில் பட்டா வெடிக்கும், ஈர சாக்கு தொங்க விடுங்க. கடைசியில பால் பதத்துல சுண்ணாம்பு அடிங்க, மூணு நாலு கோட். வஜ்ஜிரம் (தச்சர்கள் வச்சிருக்கற பசை) கலந்தா கையில ஒட்டாது. எமல்ஷன் ஆசை வந்தா மறுபடி முதல்ல இருந்து படிங்க.

கேள்வி: திருவல்லிக்கேணி. மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி ஒழுகுது, சீலிங்ல இருந்து பொடி விழுது. கான்ட்ராக்டர் மொத்தமா இடிச்சு கான்கிரீட் போடணும்ங்கிறார். கைப்பிடிச்சுவர்ல அரசமரம் வேற முளைச்சிருக்கு.

பதில்: இடிக்கணுமா வேணாமான்னு சொல்லப்போறது தேக்கு சட்டம்தான், கான்ட்ராக்டர் இல்ல. மெட்ராஸ் டெரஸ்ல கம்பியே கிடையாது, தேக்கு சட்டத்துக்கு மேல மெல்லிசு செங்கலை குறுக்கால, மூலைவாட்டுல குத்த வச்சு சுண்ணாம்புல கட்டி, மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கான்கிரீட் போட்டு, கடுக்காய் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு பொம்பளைங்க வரிசையா உக்காந்து பலகையால தட்டித்தட்டி இறுக்கினது. அது மேல தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. எல்லா பாரமும் மரத்துல நிக்குது.

ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால ஒவ்வொரு சட்டத்தையும் குத்திப் பாருங்க, முக்கியமா அது சுவத்துக்குள்ள நுழையற ரெண்டு முனையில. அழுகல் அங்கதான் ஆரம்பிக்கும், நடுவுல பாலிஷ் போட்ட மாதிரி பளபளன்னு இருக்கும், முனையில ஸ்க்ரூ டிரைவர் சதக்குன்னு உள்ள போகும். அப்படிப் போச்சுன்னா இல்ல சட்டம் தொய்ஞ்சு இருந்தா நீங்களா எதுவும் பண்ணாதீங்க, அந்த ரூமை காலி பண்ணிட்டு பழைய கட்டடம் தெரிஞ்ச ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை கூப்பிடுங்க. முனை கெட்டியா இருந்தா பிரச்சனை மேல, தண்ணி போற வழியில. தட்டோடு இடுக்கு, மூலை, வெளியேத்தற குழாய் வாய், இதெல்லாம் சுரண்டி சுண்ணாம்பு வச்சு அடைக்கறது நீங்களே செய்யற வேலைதான், ஐப்பசிக்கு முன்னாடி முடிச்சுடுங்க.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. ஒழுகறப்பல்லாம் பழசு மேலயே ஒரு சிமெண்ட் தளம், அப்புறம் கூலிங் டைல்ஸ்னு ஏத்திக்கிட்டே போறாங்களே, பத்துக்குப் பத்து ரூம் மேல ஒரு இன்ச் சிமெண்ட் கலவைன்னா கிட்டத்தட்ட அரை டன். அந்த மரம் பாவம்.

அரசஞ்செடியை வெட்டி விட்டா திரும்ப வரும், ஆசிட் ஊத்தினா காரைதான் அரிக்கும். அந்த இடத்துல ரெண்டு மூணு வரிசை செங்கலை கழட்டி வேரோட எடுத்துட்டு திரும்ப கட்டுங்க, ஆனா உள்ள நின்னு கைக்கு எட்டற உயரம்னா மட்டும். தெரு பக்கம் தொங்கிக்கிட்டு செய்யற வேலையை சாரம் கட்டற ஆளுங்களுக்கு விட்டுடுங்க.

கேள்வி: சிவப்பு ஆக்சைடு தரை மங்கிப்போச்சு, மேலயே டைல்ஸ் ஒட்டிடலாமா?

பதில்: மனசு வருதா உங்களுக்கு? ஆசிட் போடாம சோப்புத் தண்ணியில நல்லா தேய்ச்சு கழுவி, ஒரு நாள் முழுக்க காய விட்டு, தேங்காய் எண்ணெயை துணியில தொட்டு லேசா தேய்ங்க, அப்புறம் காஞ்ச துணியால அழுத்தி துடைங்க, வழுக்கக்கூடாது. விரிசல் இருந்தா ஆக்சைடு பொடி கலந்த சிமெண்ட் வச்சு அடைக்கலாம், கலர் ஒத்துப்போகாது, தழும்பு தெரியும். தெரியட்டுமே.

கேள்வி: ஜன்னல் கம்பியிலயும் கதவுலயும் ஏழெட்டு கோட் எனாமல் இருக்கு. சாண்டிங் மிஷின் வாங்கிட்டேன். வீட்டுல ஒன்றரை வயசு குழந்தை இருக்கு, தூசி மட்டும்தான் பயம். கூடவே வயரிங்கையும் வீடியோ பார்த்து நானே மாத்திடலாம்னு இருக்கேன். (பெரம்பூர்)

பதில்: தம்பி, மிஷினை ஆஃப் பண்ணுங்க. நம்ம ஊர்ல வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின எனாமல், அதுலயும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னா, ஈயம் இருக்குன்னு வச்சுக்கிட்டே வேலை பாருங்க. மிஷின் போட்டா அது மாவா பறந்து தரையில உக்காரும், குழந்தை தவழ்ந்து கையை வாயில வைக்கும், அந்த வயசுல ஈயம் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். குழந்தையையும் அம்மாவையும் வேலை முடியற வரைக்கும் ஊருக்கு அனுப்பிடுங்க. நல்லா ஒட்டியிருக்கற பெயிண்டை சுரண்டவே வேணாம், உரியறதை மட்டும் தண்ணி தெளிச்சு ஈரமா, கையால தேய்ங்க, என்95 மாஸ்க் போட்டுக்கங்க, கீழ பிளாஸ்டிக் விரிச்சு அப்படியே சுருட்டி எடுங்க. பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க.

வயரிங்: வேணாம். லைசென்ஸ் உள்ள ஆள். ரெண்டு ஓட்டை ப்ளக் எல்லாத்தையும் எடுத்துட்டு எர்த் இழுக்கச் சொல்லுங்க, கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்க, போட்டதும் அதோட டெஸ்ட் பட்டனை உங்க முன்னாடியே அமுக்கிக் காட்டச் சொல்லுங்க.

கேள்வி: புரசைவாக்கம். கொல்லையில பழைய குளியலறையை இடிச்சுட்டு தோட்டம் போட்டேன். கருவேப்பிலை, செம்பருத்தி ரெண்டும் புது இலையெல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. மோர் ஊத்தியும் பிரயோஜனமில்ல அண்ணா. மூடிக்கிடக்கற கிணறும் ஒண்ணு இருக்கு.

பதில்: இடிச்ச காரையை அங்கயே பரப்பி மேல மண்ணு போட்டீங்கதானே? அதுல இருக்கற சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிடும், இரும்புச்சத்து மண்ணுல இருந்தாலும் செடியால எடுத்துக்க முடியாது, நீங்க சொல்றது அதோட அடையாளமேதான். மோர் ஊத்தறது தப்பில்ல, ஆனா ஒரு சொம்பு மோர் ஒரு லோடு காரையோட சண்டை போட முடியுமா? அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலை மேல தெளிங்க, கொஞ்ச நாள்ல பச்சை திரும்பும். ஆனா அது அப்போதைக்குத்தான். ரெண்டடிக்கு ரெண்டடி குழி எடுத்து காரையெல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டு செம்மண்ணும் மக்கின சாணமும் நிரப்பி செடியை மாத்தி வைங்க. மிச்ச இடத்தை சிமெண்ட் போட்டு மூடிடாதீங்க, மேல மயிலாப்பூர் அம்மாவுக்கு சொன்னதேதான் உங்க கொல்லை சுவத்துக்கும்.

கிணறு இருக்கறது அதிர்ஷ்டம். 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆயிடுச்சு, உங்களுக்கு தனியா குழி வெட்டற செலவே மிச்சம். மொட்டை மாடி தண்ணியை ஜல்லி, மணல் போட்ட ஒரு வடிகட்டி தொட்டி வழியா கிணத்துக்குள்ள விடுங்க, முதல் மழைத்தண்ணியை மட்டும் வெளிய திருப்பி விடற மாதிரி ஒரு வால்வு வச்சுக்கங்க. குளிக்கற தண்ணியை கல்வாழை, வாழைப் பாத்திக்கு திருப்பலாம், கிணத்துல நேரா விடாதீங்க. ரொம்ப நாள் மூடியிருந்த கிணத்துல யாரும் இறங்கவே கூடாது, தூர் வாரற ஆளா இருந்தாலும் சரி, உள்ள விஷவாயு இருந்தா அடி போய் சேர்றதுக்குள்ள மயக்கம் போட்டுடும். வேலையை வெளிய இருந்தே வாளி, பம்ப் வச்சு முடிக்கற ஆளாப் பாருங்க, முடிஞ்ச கையோட வாய்க்கு இரும்பு வலை போட்டு பூட்டு தொங்க விடுங்க.