கோடைக்கேற்ற கிராஃப்ட் பீர்: சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

அக்னி நட்சத்திரத்தை முன்னிட்டு மதுரை வட்டார உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பெங்களூரில் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் சிறிய அளவில் வடிக்கப்படும் பீர்) வடிக்கும் கூடம் ஒன்றில் பணியாற்றி ஊர் திரும்பிய நம் உறுப்பினர் அளித்த பதில்கள் இவை. 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.

மேலூர்: ஐயா, கோடையில் பீர் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறார்களே, சரிதானா?

குடிப்பவருக்கு அது இதமாக இருக்கலாம்; மதிப்பிடுபவருக்கு அது பெரிய தடை. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போகிறது, மணமும் மேலெழுவதில்லை. ஆகவே மட்டமான பீரின் குறைகளை மறைப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. பில்ஸ்னர் என்னும் வெளிர்பொன்னிற பீருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸும், கோதுமை பீருக்கு 7 முதல் 10 டிகிரியும் பொருந்தும். மே மாத மதுரையில் இதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை, பேச்சைத் தொடங்குவதற்குள் கோப்பை அந்த நிலைக்கு வந்துவிடும். உறைபெட்டியில் வைத்த கோப்பையைத் தவிருங்கள்; அதில் படிந்த பனி உருகிப் பீரை நீர்க்கச் செய்கிறது.

திருமங்கலம்: நடுவர்கள் எதை வைத்து மதிப்பெண் இடுகிறார்கள்? கோடை பீருக்குத் தனி அளவுகோல் உண்டா?

1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.ஜே.சி.பி. என்னும் நடுவர் சான்றளிப்பு அமைப்பின் தாள் 50 மதிப்பெண் கொண்டது. அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கு 5, தோற்றத்துக்கு வெறும் 3. பொன்னிறத்தையும் நுரையையும் கண்டு மயங்குகிறவர்கள் அந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

கோடைக்கென்று தனித் தாள் கிடையாது. ஆனால், என்னைக் கேட்டால், விழுங்கிய பிறகு நடப்பதே கோடை பீரின் உண்மையான தேர்வு. ஊற்றியவுடன் முகர்ந்து, ஒரு மிடறு பருகி, வாய் முழுதும் படரவிட்டு விழுங்குங்கள். இனிப்பு சட்டென்று விலகி, வாய் துடைத்தாற்போல் இருந்தால், ஈஸ்ட் சர்க்கரையை மிச்சமின்றி உண்டிருக்கிறது என்று பொருள். இனிப்பு நாக்கில் பிசுபிசுத்து நின்றால், முதல் மிடறு எவ்வளவு மணந்தாலும் வெயில் நேரத்தில் பாதிக் கோப்பையிலேயே திகட்டிவிடும்.

உசிலம்பட்டி: கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை அடித்தது. எசன்ஸ் கலக்கிறார்களா?

இல்லை, அது ஈஸ்ட்டின் கைவேலை. தென் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்த ஹெஃபெவைசன் என்னும் வகையில் குறைந்தது பாதியளவு கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) இருக்கும். அதற்கான ஈஸ்ட், நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்னும் சேர்மத்தை உண்டாக்குகிறது, பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுவே. அதனோடு மெல்லிய கிராம்பு மணமும் வரவேண்டும். வாழைப்பழம் மட்டுமே ஓங்கி நின்றால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

நம் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது பெல்ஜியத்தின் கோதுமை பீரான விட்பியர் என்பது என் கருத்து. அதில் சேர்வது நம் அடுக்களைத் தனியாவும் ஆரஞ்சுத் தோலும்தான். ஹூகார்டன் என்ற ஊரில் இதை வடித்த கடைசி ஆலை 1957இல் மூடப்பட்ட பின், பியர் செலிஸ் என்பவர் 1960களில் இதற்கு மீண்டும் உயிரூட்டினார்.

அலங்காநல்லூர்: புளிப்பான பீர் ஒன்றைக் கொடுத்தார்கள். கெட்டுப்போனதோ என்று வைத்துவிட்டேன்.

ஜெர்மனியின் கோஸே, பெர்லினர் வைஸ ஆகிய வகைகள் புளிக்கவே வடிக்கப்படுகின்றன. கோஸேயில் உப்பும் தனியாவும்கூட உண்டு. லாக்டிக் அமில பாக்டீரியா தரும் அந்தப் புளிப்பு, தெளிந்த மோரின் புளிப்பைப் போலச் சுத்தமாக இருக்கும். பனங்கள்ளிலும் ஈஸ்ட்டுடன் சேர்ந்து இத்தகைய பாக்டீரியாக்கள் வேலை செய்வதால், 1987இல் கள்ளுக்குத் தடை வருமுன் அதைச் சுவைத்த பெரியவர்கள் இந்த வகையைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. மாறாக, வினிகரைப்போல மூக்கில் ஏறித் தொண்டையில் சுருக்கென்று குத்தினால் அது பெரும்பாலும் கெட்டதுதான்.

செல்லூர்: மட்டன் சுக்காவுக்கு ஐ.பி.ஏ. பொருந்துமா?

பொருந்தாது. ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகையில் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு தூக்கலாக இருக்கும்; அது மிளகின் காரத்தை மேலும் தூண்டிவிடும். விட்பியர் அல்லது ஜெர்மனியின் கொலோன் நகரத்து லேசான பீரான கோல்ஷ் எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம்: பச்சை பாட்டிலில் ஒருவித நாற்றம் வருகிறதே?

வெளிச்சம் பட்டதால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து உண்டாகும் கந்தக நாற்றம் அது. பழுப்புப் பாட்டில் ஓரளவும் கேன் முழுமையாகவும் இதைத் தடுக்கும். கேனையும் வெயிலில் நின்ற காரின் டிக்கியில் விட்டுவைத்தால், சூட்டில் பழசாகி, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்துவிடும்.

ஒத்தக்கடை: தாகத்துக்கு ஸ்ட்ராங் பீர் நல்லதா, அண்ணே?

எந்தப் பீரும் தாகத்துக்கு மருந்தன்று. ஆல்கஹால் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை வெளியேற்றும். 8 விழுக்காடு ஸ்ட்ராங் பீரின் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 4.5 விழுக்காட்டுப் பீரில் சுமார் 23 கிராம்தான். முதலில் தண்ணீர் குடித்துத் தாகத்தைத் தணித்துவிட்டு, பிறகு லேசான பீரைச் சுவைக்க உட்காருங்கள்.

திருப்பரங்குன்றம்: வீட்டிலேயே வடித்துப் பார்த்துப் பழகலாமா?

தமிழ்நாட்டில் உரிமமின்றி வடிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மூக்கைப் பழக்குவதற்கு வடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கிராம்பு, இடித்த தனியா, பழுத்த வாழைப்பழம், வெட்டிய பச்சை ஆப்பிள், உருக்கிய வெண்ணெய், நனைந்த அட்டை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துக் கண்ணை மூடி முகர்ந்து இனங்காணுங்கள். பச்சை ஆப்பிள் மணம் முதிராத பீரையும், வெண்ணெய் மணம் ஈஸ்ட் வேலையை முடிக்காத பீரையும் காட்டிக்கொடுக்கும். வெண்ணெயை உருக்கும்போது நெய்ப்பதம் வரை போகவிடாதீர்கள், அந்த வாசனை வேறு.