உப்பு மண்ணில் முளைக்கும் உமரியை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?

முடியும். மூன்று பருவமாக வளர்க்கிறேன். அதில் முதல் பருவம் முழுத் தோல்வி.

உமரி என்று இரண்டு மூன்று செடிகளைச் சொல்வார்கள். நான் வளர்ப்பது சாலிகோர்னியா: இலை என்று தனியாக எதுவும் தெரியாது, கணுக்கணுவாகப் பச்சைக் குச்சிதான்.

உப்பில் வாழும் செடிதானே என்று முதல் தடவை விதைத்த அன்றே உப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கடலோரத்திலேயே மழை பெய்து மேல்மண்ணின் உப்பு கரைந்து இறங்கிய பிறகுதான் இந்த விதை நன்றாக முளைக்கும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அடுத்த முறை நல்ல தண்ணீர் மட்டும். விதை கடுகைவிடப் பொடிசு. புதைக்காதீர்கள், ஈர மணல்மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும்.

நாற்று இரண்டு அங்குலம் வரட்டும், அப்புறம் உப்பு. லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றுகிறேன், மற்ற நாளில் வெறும் தண்ணீர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருக்கும், அவ்வளவு தேவையில்லை. உப்பே கொடுக்காமலும் ஒரு தொட்டியை விட்டுப் பார்த்தேன். சாகவில்லை, நோஞ்சானாக நின்றது. உப்பு கிடைத்தால் அதைச் செல்களுக்குள் அடைத்துவைத்து, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் குச்சி புடைத்து, ஒடித்தால் 'டக்'கென்று முறியும்.

தரையில் மட்டும் நடாதீர்கள், ஊற்றும் உப்பு மற்றச் செடிகளைக் கெடுத்துவிடும். தொட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் பக்கத்துச் செம்பருத்தியின் வேருக்குப் போய், அதன் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இப்போது அடியில் தட்டு வைத்திருக்கிறேன். வெயில் நன்றாக வேண்டும், மண்ணில் பாதிக்கு மேல் மணல் இருக்கட்டும்.

நுனியில் நாலு விரல் நீளம் கிள்ளுங்கள், பக்கக்கிளை வரும். கிள்ளியதைச் சாப்பிட, கொதிநீரில் இரண்டு நிமிடம் வேகவிடுங்கள், உப்பு போடாமல். முற்றியதில் நடுவே நார் ஓடும். அடியைப் பிடித்துக்கொண்டு பல்லால் உருவினால் சதை மட்டும் வந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாகவே சாப்பிடுங்கள், செடிக்குள்ளேயே உப்பு ஏராளம். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலக்கும் கழிமுகத்தில் பறித்ததைச் சாப்பிடவே வேண்டாம், ஈயம் போன்ற கன உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சி வைத்திருக்கும்.

இது ஒரு பருவச் செடி. கடைசியில் சிவந்து காயும்போது இரண்டு மூன்று செடியைக் கிள்ளாமல் விட்டு, காகிதத்தின்மேல் உதிர்த்தால் அடுத்த பருவத்துக்கு விதை தயார்.