நீல விளக்கும் தந்தையின் மைக்கோடுகளும்

அன்புள்ள ஐயா,

கண்ணாடி கிழித்து என் தம்பியின் மணிக்கட்டு நரம்பு அறுந்துவிட்டது. தைத்து நான்கு மாதம் ஆகிறது. சுண்டெலிகளின் அறுந்த நரம்பை ஒளியால் வளர்த்ததாகப் படித்து, நீல விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். தினமும் எவ்வளவு நேரம் காட்டலாம்? மனிதருக்கு உதவாது என்றால் எதற்கு அந்த ஆராய்ச்சி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விளக்கை எடுத்து உள்ளே வையுங்கள். கட்டுரையைப் பாதி படித்துவிட்டுக் கடைக்கு ஓடலாமா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில் வருபவை சாதாரணச் சுண்டெலிகள் அல்ல. ஒரு பச்சைப்பாசி ஒளியை உணரப் பயன்படுத்தும் புரதத்தின் மரபணு அவற்றின் நரம்பணுக்களில் சேர்க்கப்பட்டிருந்தது. நீல ஒளி பட்டதும் அந்தப் புரதம் கதவுபோலத் திறக்கும், அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு துடிக்கும். உங்கள் தம்பியின் நரம்பில் அந்தக் கதவே கிடையாது.

ஆனால் 'எதற்கு' என்று கேட்டீர்களே, அதை விடமாட்டேன். தைத்த நரம்புக்கு நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் மின்சாரம் கொடுத்தால் இழைகள் தையலை விரைவாகக் கடக்கின்றன என்று 2000இலேயே எலிகளில் கண்டார்கள். மின்சாரம் ஆள் பார்க்காது. தசையை இயக்கும் இழை, தொடுகையை உணரும் இழை, சுற்றியுள்ள திசு எல்லாவற்றையும் சேர்த்தே உலுக்கும். பிறகு எது வளர்த்தது என்று எப்படிச் சொல்வது? ஒளி, கதவுள்ள அணுவை மட்டுமே எழுப்பும். நரம்பணுவின் துடிப்பே வளர்ச்சியைத் தூண்டப் போதும் என்று அப்படித்தான் தெரிந்தது. இதை அறியாமல் எந்த மருத்துவத்தைச் செய்வீர்கள்?

என் தந்தை அச்சுக்கோப்பவர். முழங்கைக்கு அருகே நரம்பு அறுந்தது. தைத்த பிறகு தினமும் இரவில் முன்கையை விரலால் தட்டிப் பார்ப்பார். சுரீர் என்ற இடம்வரை நரம்பு வளர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே பேனாவால் ஒரு கோடு. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். அவை உள்ளங்கையை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கட்டைவிரல் பக்கச் சதை குழிந்துவிட்டது. உணர்ச்சி திரும்பியது, பிடி திரும்பவில்லை. கடைசிவரை அம்மாதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். தையலைக் கடக்கும் சில வாரங்களை மிச்சப்படுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் கையைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள்.

தம்பிக்கு மணிக்கட்டு, தூரம் குறைவு. இயன்முறைப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள், விட்டால் எனக்கு எழுதவும் வேண்டாம். இன்றிரவு தையலுக்குக் கீழே மெல்லத் தட்டிப் பாருங்கள். சுரீர் என்கிற இடத்தில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள்.