மாட்டுக்குப் போடும் ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

கேள்வி: புலி அடித்துப் போட்ட மாட்டின் மேல் யாரோ பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டார்கள். புலி திரும்பி வரவில்லை. நான்கு பிணந்தின்னிக் கழுகுகள்தான் செத்துக் கிடந்தன. அழுகியதைத் தின்கிற பறவை போனால் காட்டுக்கு என்ன குறைந்துவிடும்?
– வாசகி, மசினகுடி

பதில்: அம்மா, உங்கள் ஊர்ப் பட்டிகளில் பல வருடம் மாட்டு வைத்தியம் பார்த்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்லும் பறவையைப் பாறு என்போம். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுவது வெண்முதுகுப் பாறு. வருடத்துக்கு ஒரே முட்டை. செத்த மாட்டின் முரட்டுத் தோலைக் கிழிக்க அதனால் ஆகாது. புலியோ செந்நாயோ வயிற்றைத் திறந்துவைக்க வேண்டும். அப்புறம் பாருங்கள், ஒன்று இறங்குவதைக் கண்டு இன்னொன்று, அதைக் கண்டு வேறொன்று என்று கூட்டமே வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். அடைப்பான் நோய்க் கிருமியையே கொல்லும் அமிலம் அதன் வயிற்றில் இருக்கிறது.

பாறு வராவிட்டால் அந்த இறைச்சி தெருநாய்க்குப் போகும். நாய் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை ஊருக்குள் வரும். வெறிநோய் பட்டி மாட்டுக்கும் மனிதருக்கும் வரும், காட்டில் இருக்கும் செந்நாய்க்கும் போகும்.

கூட்டமாக வந்து தின்பதுதான் பாறுக்கு வினையாகவும் ஆனது. 1990களில் காய்ச்சல், மூட்டுவலி கண்ட மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டோம். என் பையிலும் அந்த மருந்து இருந்தது. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு சடலத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும். இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் இன்று ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. காரணம் இதுதான் என்று 2004-ல்தான் தெரிந்தது. அதற்கு முன் நான் போட்ட ஊசிகளை எண்ணிப் பார்க்காத நாள் இல்லை.

2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். பாறுக்கு அதே கெடுதலைச் செய்யும் வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் மாட்டுக்குப் போட 2023-ல் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுக்குக் கெடுதல் செய்யாது. மருத்துவரிடம் அதையே கேளுங்கள்.

மாட்டை இழந்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. கறவை மாடு என்றால் அது ஒரு வீட்டின் வருமானம். ஆனாலும் விஷம் வேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லி இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். வலி ஊசி போட்டிருந்த மாடு என்றால் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். போடாத மாடு என்றால் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.