மமலிகாவும் நூலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நான்கு நாள் புகாரெஸ்ட் போயிருந்தேன். ருமேனிய உணவை ருசி பார்க்க ஆசையாகப் போய் ஏமாந்துவிட்டேன். மமலிகா என்று ஒரு மக்காச்சோளக் களி வந்தது. சப்பென்று இருந்தது, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மற்றதெல்லாம் துருக்கியரிடம் வாங்கியது என்கிறான் நண்பன். மார்ச்சில் அம்மாவோடு மறுபடி போகிறேன். அம்மா சுத்த சைவம். என்ன சாப்பிடலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று படித்ததுமே மனம் நிறைந்தது. கவலையே வேண்டாம். மார்ச் அங்கே பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம். 'தெ போஸ்ட்' என்று கேளுங்கள்; இறைச்சி, முட்டை, பால் இல்லாத நோன்பு உணவு என்று அர்த்தம். வெள்ளை பீன்ஸை மசித்து, மேலே வதக்கிய வெங்காயம் போட்ட ஃபசோலே பத்தூத்தா, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்த ஸாகூஸ்கா எல்லாம் கிடைக்கும். மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துருக்கி விஷயம். சர்மாலே என்ற இலைச்சுருள் உணவின் பெயர் 'சுற்று' என்னும் துருக்கிச் சொல்லிலிருந்துதான் வந்தது. இருக்கட்டும். முட்டைக்கோஸ் இலையையே உப்புநீரில் புளிக்கவைத்து, பன்றி இறைச்சியை வைத்துச் சுற்றுகிறார்கள். அது ருமேனியர்களின் சமையல்தான். உங்கள் நண்பரோடு வாதம் செய்ய எனக்கு நேரமில்லை.

ஆனால் 'சப்பென்று இருந்தது' என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. வெறும் சோற்றை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, குழம்பைத் தொடாமல் எழுந்து போகிறவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? மமலிகா, ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது. அதைத் தனியாக வைத்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். இப்படிச் சொல்வதற்கு வருத்தப்படாதீர்கள், உங்கள்மேல் உள்ள உரிமையில் சொல்கிறேன்.

தானியங்கள் கடல் தாண்டி வந்த கதையைச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மக்காச்சோளம் வருவதற்கு முன் அங்கே தினை போன்ற சிறுதானியத்தில்தான் களி கிண்டினார்கள். 1829இல் துருக்கியரின் வணிகப் பிடி விலகியதும், விவசாயி விளைவித்த கோதுமை கலாட்ஸ், பிரயிலா துறைமுகங்கள் வழியாக மேற்கே கப்பலேறியது. அவன் வீட்டு அடுப்பில் மக்காச்சோளம்தான். மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள்; அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். ருமேனியாவுக்குத் தானியம் வந்தது, அந்தப் பக்குவம் கூட வரவில்லை. வேறு எதுவும் வாங்க வழியில்லாமல் களியை மட்டுமே தின்றவர்களுக்கு பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோல் கறுத்து உரியும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். 1907இல் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கிய ஊரின் பெயர் ஃபிளமின்ஸி. பசித்தவர்கள் என்று பொருள். ராணுவத்தை விட்டு அடக்கினார்கள்.

யாஷியிலிருந்து போத்தோஷானி போகும் வழியில், அந்த ஊருக்கு அதிகத் தொலைவில்லாத ஒரு கிராமத்தில் இரண்டு இரவு தங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். இரும்புக் குண்டானைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, துடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக் கிண்டினார். களி ஓரத்தை விட்டு விலகி உருண்டு வந்ததும், பலகையில் ஒரே கவிழ்ப்பு. மஞ்சள் நிலா மாதிரி ஆவி பறக்க உட்கார்ந்தது. நான் கத்தியை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார். நூலைக் களிக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே இழுத்தார். பிசிறே இல்லாமல் பிளந்தது. அதன்மேல் உதிர்த்த ஆட்டுப்பால் சீஸும் புளித்த பாலேடும் போட்டுக் கொடுத்தார். சீஸின் உப்பு, பாலேட்டின் புளிப்பு, அடியில் களியின் சூடு. அன்று நான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மீந்ததை அவர் ஒரு கிண்ணத்தில் போட்டு, குளிர்ந்த பாலை ஊற்றிக்கொண்டு அடுப்பருகே போய் உட்கார்ந்தார்.

உங்கள் அம்மா பால், தயிர் சாப்பிடுவார்தானே? அப்படியென்றால் 'மமலிகா கு ப்ரின்ஸா ஷி ஸ்மந்தானா' என்று கேளுங்கள், களியும் சீஸும் பாலேடும் வரும். வந்தவுடன் சாப்பிட வேண்டும், ஆறினால் கட்டியாகிவிடும். போட்டோ எல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.